மிச்சம் தின்னப் பிறந்தவனா நீ?

“டேங்க் கிளீனர் சார் இது. தனியா தீனியே வேண்டாம். மத்த மீன் விட்டதைத் தின்னுக்கிட்டு அடியில கெடக்கும்.”

கோரிடோராஸ் (சுருக்கமாகக் கோரி), சக்கர் மீன்களை இப்படிச் சொல்லித்தான் கடையில் தலையில் கட்டுகிறார்கள். காரைக்குடியில் வாங்கினாலும் சரி, சென்னை கொளத்தூரில் வாங்கினாலும் சரி, இதே வசனம்தான். பச்சைப் பொய்! மிச்சத்தை மட்டும் நம்பி விடப்பட்ட கோரியின் வயிற்றைப் பாருங்கள், ஒட்டிப்போய் உள்வாங்கியிருக்கும். வேளாவேளைக்குத் தீனி விழுகிற தொட்டியிலேயே அது பட்டினியில் சாகிறது.

தம்பி, உனக்கும் இந்த வசனத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். “இவன் கொஞ்சம் மந்தம். கெடைச்சதை வச்சுப் பொழைச்சுக்குவான்.” நீயும் தலையாட்டிவிட்டாய். ஏன் ஆட்டினாய்?

தீனி விழுந்ததும் மோலியும் டைகர் பார்பும் பாய்ந்து அள்ளிக்கொள்ளும். கோரியின் பிழைப்பு வேறு. அதன் வாய் கீழ்நோக்கி அமைந்தது. மீசையால் மணலைத் தடவும், வாய் நிறைய அள்ளும், தீனியை மட்டும் நிறுத்திக்கொண்டு மணலைச் செவுள் வழியே தள்ளும். சல்லடை போட்டுச் சலிக்கிற வேலை, நேரம் பிடிக்கத்தான் செய்யும். இதற்குப் பெயர் மந்தமா? இடையிடையே விருட்டென்று மேலே ஏறி, ஒரு மடக்குக் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். அந்தக் காற்றைக் குடலிலேயே வைத்து மூச்சு வாங்கத் தெரிந்த மீன் அது. மேலே போகத் தெரியாமல் அடியில் கிடக்கவில்லை!

அயிரையும் மணலில் புதைந்து வாழ்கிற மீசைக்கார மீன்தான். மதுரை, சிவகங்கைப் பக்கம் சந்தையில் அதன் விலையைக் கேட்டுப் பார், அடியில் இருப்பவனின் மவுசு தெரியும்.

விஷயம் தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? மேல் மீன்களுக்கு ஒரு மூலையில் மிதக்கும் தீனியைப் போட்டு அவற்றின் பசியை அடக்குகிறார்கள். விளக்கை அணைத்த பிறகு எதிர் மூலையில் மூழ்கும் வில்லைகளைப் போடுகிறார்கள். பார்ப் அடங்கிய இருட்டில் கோரி நிதானமாக மேயும், சக்கர் கிளம்பும். தின்னாமல் கிடப்பதைக் காலையில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அழுகி, அம்மோனியா ஏறும். மேலேயே இன்னும் இரண்டு பிடி அள்ளிப் போட்டால் கீழே வந்து சேரும் என்பது சோம்பேறியின் கணக்கு. மேலே இருப்பது கொழுக்கும், தண்ணீர் கெடும், கோரியின் மீசை அரிபடும்.

பெற்றவர்களே, வாத்தியார்களே, இது உங்களுக்கும்தான். முதல் வரிசைப் பிள்ளைக்கு மூன்று டியூஷன் வைத்துவிட்டு, கடைசி வரிசைப் பிள்ளையைக் குறை சொல்லாதீர்கள்.

தம்பி, குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாயா? பக்கத்தில் இருப்பவன் ஒரு தடவை படித்ததும் பக்கத்தைப் புரட்டுகிறான், உனக்கு மூன்று தடவை வேண்டியிருக்கிறது. வேண்டட்டும்! முதல் வாசிப்பில் யாருக்கு எவ்வளவு ஏறியது என்று தேர்வாணையம் கேட்பதில்லை. அவனோடு மேலே முட்டி மோதாதே. விடியற்காலை நான்கு மணி உனக்காகத்தான் காலியாகக் கிடக்கிறது. எழுந்திரு!

நேரம் எடுத்துக்கொண்டு வென்றவர்களும் உண்டு. நம் காரைக்குடியிலிருந்து பஸ் ஏறினால் காளையார்கோவில். 1772-இல் அங்கேதான் சிவகங்கை மன்னர் முத்து வடுகநாதர் போரில் வீழ்ந்தார். அவர் மனைவி வேலு நாச்சியார் அன்றே வாளைத் தூக்கிக்கொண்டு பாய்ந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக்குப் போனார். எட்டு ஆண்டுகள்! பொழுது விடியட்டும் என்று சும்மா இருந்தாரா? ஆள் சேர்த்தார், ஹைதர் அலியிடம் உதவி கேட்டார், படை திரட்டினார். 1780-இல் சிவகங்கை மறுபடி அவர் கையில். எட்டு ஆண்டு தாமதம் என்று இன்றைக்கு யாராவது அவரைக் கேலி செய்கிறார்களா?

உதவி கேட்டார் என்றேனே, அதைக் கவனி. பட்டினி கிடக்கிற கோரியால் கண்ணாடியைத் தட்டி “எனக்கும் போடு” என்று சொல்ல முடியாது. உனக்கு வாய் இருக்கிறது, வெட்கம்தான் அதைக் கட்டிப் போட்டிருக்கிறது. கடல் கடந்து போய் வட்டிக் கணக்குப் போட்ட நகரத்தாரின் காரைக்குடியில் இருந்துகொண்டு, கூட்டுவட்டி புரியவில்லை என்று சொல்ல என்ன கூச்சம்?

நாளைக்கு வகுப்பு முடிந்ததும் கூட்டம் கலையட்டும், நீ மட்டும் நில். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, “சார், அந்தக் கூட்டுவட்டிக் கணக்கு, இன்னொரு தடவை” என்று கேள். முகம் சுளித்தால் மறுநாளும் கேள்.