அப்பூதி வீட்டுப் பிள்ளை

நாம உட்கார்ந்திருக்கிற இந்தத் திருவனந்தபுரத்து வலியசாலை சாமானிய இடம் இல்லை. அந்தக் காலத்துக் கல்விச்சாலையான காந்தளூர்ச் சாலை இதுதான்னு பெரியவா சொல்றா. கி.பி. 866-ல ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்துல 95 மாணாக்கருக்கு ஒரு சாலை வெச்சானே, அதுக்கு இதுதான் முன்மாதிரி. சோறும் போட்டுப் படிப்பும் சொல்லிக் கொடுத்தா. ஊரார் சோறு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு, படிப்பு தனக்கு மட்டும்னு தோணுமோ? தோணாது.

நம்மாத்துக் குழந்தைகளுக்கு வரேன். "பரீட்சை இருக்கு, சேவைக்கெல்லாம் அனுப்ப முடியாது"ங்கறேள். இல்லாட்டா, "நாட்டு நலப்பணித் திட்டத்துல சேருடா, கிரேஸ் மார்க் வரும்"ங்கறேள். காந்தி நூற்றாண்டுல, 1969-ல ஆரம்பிச்ச திட்டம் அது. மார்க்குக்காகவா ஆரம்பிச்சா? மார்க் வரட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனா குழந்தை திரும்பி வந்ததும் மார்க்கைக் கேக்காதேங்கோ. "இன்னிக்கு யாரைப் பார்த்தே? அவாளுக்கு என்ன தேவையா இருந்தது?"ன்னு கேளுங்கோ.

திங்களூர்ல அப்பூதியடிகள் தண்ணீர்ப் பந்தல் வெச்சார். அப்பரைப் பார்த்ததே இல்லை. ஆனா பந்தலுக்கும் அப்பர் பேர், பிள்ளைகளுக்கும் அப்பர் பேர். ஒருநாள் அப்பரே வந்து நின்னுட்டார்! வீடே அமர்க்களப்படறது. மூத்த பிள்ளையைக் கூப்பிட்டு, "வாழையிலை அரிஞ்சுண்டு வா"ன்னா. போனான், அரிஞ்சான், பாம்பு தீண்டிடுத்து. அந்தக் குழந்தை என்ன பண்ணினான்? ஓடி வந்து இலையை அம்மா கையில கொடுத்தான். பாம்பு கடிச்சதைச் சொல்லவே இல்லை. சொன்னா அடியார் அமுது செய்யறது தடைப்படுமே! கொடுத்துட்டு விழுந்தான்.

அப்பர் பதிகம் பாடினதும், பிள்ளை எழுந்ததும் உங்களுக்குத் தெரியும். எனக்கு அந்த இலையை விட முடியலை. இலையை முதல்ல கொடுக்கணும்னு யார் சொல்லிக் கொடுத்தா? ஒருத்தரும் உட்கார வெச்சுச் சொல்லலை. பிறந்ததுலேருந்து பந்தல்ல அப்பா தண்ணி ஊத்தறதைப் பார்க்கறான். கையில வேலை இருந்துண்டே இருந்தது. மனசு தானே வளர்ந்துடுத்து.

பாம்பு கடிச்சாச் சொல்லிடுங்கோ, குழந்தைகளா! உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். (சிரிப்பு) ஆனா இலையைக் கொடுத்த அந்த மனசு வேணும். அதைத்தான் கேக்கறேன்.

2018 கேரள வெள்ளத்தப்போ பார்த்தோமே! இந்தத் திருவனந்தபுரத்துல சேகரிப்பு மையங்கள்ல அரிசியும் துணியும் கட்டினது யாரு? நிறைய இளசுகள். அப்போ கலெக்டரா இருந்த வாசுகி, நம்ம தமிழ்ப் பொண்ணு, அவா நடுவுல நின்னு பேசினதைக் கேட்டுப் பிள்ளைகள் ஆரவாரம் பண்ணினா. யாருக்குப் போறதுன்னே தெரியாத மூட்டை அது. அதையும் அவிழாமக் கட்டணும்னு தோணித்து பாருங்கோ, அதுவும் வாழையிலைதான்!

அம்மனுக்குப் பெண்கள் பொங்கல் வைக்கற ஆற்றுகால் பொங்காலைக்கு வரேன். 2009-ல 25 லட்சம் பெண்கள்னு கின்னஸ்லயே போட்டுட்டா. நம்ம தெருவெல்லாம் அடுப்பு, புகை, உச்சி வெயில். அடுப்பை விட்டு அவா நகர முடியாது. நாம வைக்கற தண்ணீர்ப் பந்தல்லேருந்து குழந்தைதான் தம்ளரோட கிட்டே போகணும். புகையில கண் எரியும். பாட்டி ஒருத்தி, "எனக்கு மோர் வேண்டாம், வெறும் வெந்நீர்தான்"னு சொல்லுவா; ஓடிப் போய்க் கொண்டு வரணும். கூச்சம் போறது, கோபம் அடங்கறது, கேக்கறதுக்கு முன்னாடியே மனுஷா முகத்தைப் படிக்க வரது. எந்த டியூஷன்ல இதெல்லாம் கிடைக்கும், சொல்லுங்கோ!

பின்னாடி உட்கார்ந்து போன் பார்க்கற அம்பி, உன்னைத்தான்! வர கும்ப மாசம் பூரத்தன்னிக்கு, பொங்காலையப்போ, பந்தல்ல நீ நிக்கணும். அம்மா அனுப்புவாளா? கேளு, இப்பவே கேளு, நான் காத்துண்டிருக்கேன்.