பன்னிரண்டு வருஷக் கேள்வி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எங்கேயாவது ஒரு கிரவுண்டு காலி மனை வைத்திருக்கிறீர்களா? கடைசியாக அதை எப்போது பார்த்தீர்கள்? பத்திரத்தைக் கேட்கவில்லை, மண்ணைக் கேட்கிறேன். பத்திரம் பீரோவில் பத்திரமாகத்தான் இருக்கும், தெரியும்!

1960-களில் ஆவடிக்கு டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூருக்குத் தொழிற்பேட்டையும் வந்த பிறகு, அந்தப் பக்கத்து வயல்கள் ஒவ்வொன்றாக மனையாயின. பி.எஃப். கடன், மனைவியின் வளையல் என்று எதையெதையோ புரட்டி வாங்கிப் போட்டார்கள். 'பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும்' என்பதுதான் கணக்கு. 2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2019-ல் ஆவடியே மாநகராட்சியானது. ஆயிரங்களில் வாங்கியதை இன்று லட்சங்களில் பேசுகிறார்கள். நடுவில் சொந்தக்காரர் ரிட்டயர்டாகி ஊருக்குப் போயிருப்பார், பிள்ளை அமெரிக்கா போயிருப்பான். மனை மட்டும் அங்கேயே கிடக்கும். அதில் யாராவது குடியேறியிருப்பார்கள்.

ஒரு பேச்சுக்கு, திருமுல்லைவாயிலில் பக்கத்துப் பக்கத்து மனைகள் இரண்டை எடுத்துக்கொள்வோம்.

முதல் மனையில் ஒருவர் குடிசை போட்டிருக்கிறார். சொந்தக்காரர்தான், 'இருந்துக்கோப்பா, இடத்தைப் பாத்துக்கிட்ட மாதிரியும் இருக்கும்' என்று சொல்லி வைத்தவர். குடிசைக்காரர் முருங்கை நட்டார். யாரோ லாரியில் கட்டட இடிபாட்டைக் கொட்ட வந்தபோது சண்டை போட்டுத் திருப்பி அனுப்பினார். சொந்தக்காரர் வந்தால் இளநீர் வெட்டித் தருவார். 'உங்க இடம் சார். எப்ப வேணும்னாலும் சொல்லுங்க, காலி பண்ணிடறேன்' என்பார். முப்பது வருஷம் இப்படியே ஓடியது.

இரண்டாவது மனையில் வேலி சாய்ந்து கிடந்தது. ஒருவர் உள்ளே போனார். ஷெட் போட்டார், காம்பவுண்டு கட்டினார், கரண்ட் வாங்கினார், வீட்டு வரி கட்டினார். சொந்தக்காரர் ஒருநாள் வந்து கேட்டால், 'யார் சார் நீங்க? இது எங்க இடம்' என்றார். சொந்தக்காரர் நாலு பேரிடம் புலம்பிவிட்டுப் போனார். கேஸ் போடவில்லை. பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

சட்டம் இந்த இரண்டு பேரில் யாருக்கு இடம் தரும்?

இரண்டாமவருக்குத்தான்! 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பன்னிரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் சொந்தக்காரரின் உரிமையே அழிந்துபோகும். அரசு நிலமென்றால் முப்பது வருஷம். எதிரிடை அனுபவம் என்று இதற்குப் பெயர். வரி ரசீதும் கரண்ட் பில்லும் மட்டும் காட்டினால் கோர்ட் மயங்கிவிடாது. எந்தத் தேதியிலிருந்து, சொந்தக்காரருக்குத் தெரியும்படி எப்படி எதிர்த்து நின்றாய் என்று குடைந்து கேட்கும். ஆனால் அதை நிரூபித்துவிட்டால் இடம் அவருடையது. அவரே வாதியாகக்கூட வழக்குப் போடலாம் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

முதலாமவருக்குப் பூஜ்யம். அனுமதியோடு இருந்தவர், அனுமதியை ஒப்புக்கொண்டவர். காவல்காரர், பராமரிப்பவர் எத்தனை வருஷம் இருந்தாலும் உரிமை கிடையாது என்று 2012-ல், கோவா வழக்கு ஒன்றில், உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது.

அனுபவம் செல்ல வேண்டுமானால் அதில் பலாத்காரம் கூடாது, ஒளிவு கூடாது, அனுமதி கூடாது என்பது பழைய விதி. முதல் இரண்டும் புரிகிறது. மூன்றாவதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'உங்க இடம் சார்' என்ற ஒற்றை வாக்கியம் முப்பது வருஷ வாழ்க்கையைக் கோர்ட்டில் ஒன்றுமில்லாமல் ஆக்குகிறது. 'யார் சார் நீங்க?' என்பது பட்டா வாங்கித் தருகிறது!

இதற்கும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். சாட்சிகள் செத்துப்போவார்கள், பத்திரம் செல்லரிக்கும், சண்டை ஏதாவதொரு நாள் முடிந்தாக வேண்டும். பகிரங்கமாக எதிர்த்து நிற்பவன் சொந்தக்காரனைத் தட்டி எழுப்புகிறான். அப்புறமும் தூங்கினால் அது யார் குற்றம்? சரி, தூங்கியவனுக்குத் தண்டனை கொடுங்கள். புகுந்தவனுக்கு எதற்குப் பரிசு? பழைய ரோமானியர்கள்கூட அனுபவத்தால் உரிமை கேட்டவனிடம் நல்லெண்ணம் இருந்ததா என்று பார்த்தார்கள். தன்னுடையது என்று உண்மையாகவே நம்பியிருக்க வேண்டும். நம் சட்டம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

2008-ல் உச்ச நீதிமன்றமே இந்தச் சட்டம் பகுத்தறிவுக்குப் பொருந்தாதது, மறுபரிசீலனை தேவை என்று வருத்தப்பட்டது. 2011-ல் வந்த வழக்கு இன்னும் விசேஷம். குடிமக்களின் நிலத்தை அனுபவ பாத்தியதையில் கேட்டு வந்தது ஹரியானா போலீஸ்! கோர்ட் வறுத்தெடுத்துவிட்டது. இமாச்சலப் பிரதேசத்தில் 1960-களில் ரோட்டுக்காக நிலத்தை எடுத்துக்கொண்ட அரசாங்கமும் அதே வாதத்தை வைத்தது. நிலத்துக்காரர் எண்பது வயது, எழுதப் படிக்கத் தெரியாத கைம்பெண். 2020-ல் அவர் ஜெயித்தார். ஆனாலும் 2023-ல் சட்ட ஆணையம், சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை என்று அறிக்கை தந்தது. இரண்டு உறுப்பினர்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

சட்டம் இப்போதைக்கு மாறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் வருஷத்துக்கு இரண்டு தடவை மனைக்குப் போங்கள். போட்டோ எடுங்கள். சர்வேயரை வைத்து அளந்து கல் நடுங்கள். வில்லங்கம் போட்டுப் பாருங்கள். எவராவது நுழைந்தால் நாள் கடத்தாமல் வக்கீல் நோட்டீஸ், வழக்கு. அடியாள் வேண்டாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போனால், சொந்தக்காரரிடமிருந்தே இடத்தைத் திரும்ப வாங்கிவிடலாம். அதற்கும் சட்டம் இருக்கிறது. (போலி பவர் பத்திரம், ஏரிக்குள் மனை சமாசாரமெல்லாம் தனிக் கதை. இன்னொரு வாரம்.)

எனக்கு உறுத்துவது வேறு. மனையை விற்கிற நாள் வருகிறது. 'யார் சார் நீங்க?' ஆசாமியிடம் என்ன செய்கிறோம்? கோர்ட்டுக்கு அலைய முடியாது என்று டீக்கடையில் நாலு பெரிய மனிதர்களை உட்கார வைத்துப் பேரம் பேசி, லட்சங்களைக் கொடுத்துக் காலி செய்ய வைக்கிறோம். பேரம் படிந்ததும் அவருக்கு வணக்கம் வேறு! இளநீர் வெட்டித் தந்தவருக்கு? ஒரு வேட்டி, கையில் ஆயிரமோ இரண்டாயிரமோ, 'நல்லா இருப்பா'. வெள்ளிக்கிழமைக்குள் குடிசையைப் பிரிக்கச் சொல்கிறோம். ஜே.சி.பி. சனிக்கிழமை வருகிறது.

முப்பது வருஷம் ஒரு காவல்காரருக்குச் சம்பளம் கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் கேட்க மாட்டார், கேட்கிற உரிமையும் அவருக்கு இல்லை. கோர்ட் அவருக்கு இடத்தைக் கொடுக்காதது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். கொடுத்தால் நாளைக்கு யாரும் யாரையும் ஒரு மரத்தடியில்கூட ஒதுங்க விடமாட்டார்கள். ஆனால் கோர்ட் 'இல்லை' என்று சொன்ன இடத்தில் உங்கள் கடன் தீர்ந்துவிட்டதா?

உங்கள் மனையிலும் அப்படி ஒருவர் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வெள்ளைத்தாளோடு போங்கள். 'என் அனுமதியில் இருக்கிறார்' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அது உங்களுக்குப் பாதுகாப்பு. அதே தாளில், விற்கும்போது அவருக்கு எவ்வளவு, காலி செய்ய எத்தனை மாதம் என்றும் எழுதுங்கள். ஒரு பிரதி அவரிடம் இருக்கட்டும். தொகையை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். எத்தனை மாதம் என்பதை மட்டும் அவரைச் சொல்லச் சொல்லுங்கள்.