திண்ணைப் புகையும் அயலார் மூச்சும்: கோலார் தங்க வயலை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

ஒருவர் தம் இடத்தில் இருந்துகொண்டு செய்யும் செயல் அடுத்தவர் மூச்சினுள் சென்று சேருமாயின், அவ்விடத்தை எந்த அளவிற்கு அவருக்கு மட்டுமே உரியது எனக் கொள்ளலாம் என்பது அறவியலில் பழைய வினாவே. அண்மைக் காலத்தில் அவ்வினா எதிர்பாராத ஓரிடத்தில் கூர்மை பெற்றது. பயணிகளின் இன்பச் சுற்றுலாவிற்கென ஓடும் பெருங்கப்பல்களில் அறையை ஒட்டிய உப்பரிகையில் புகைபிடிக்கலாமா என்பதே அது. கட்டணம் செலுத்திப் பெற்ற அறை, திறந்த வெளி, சுற்றிலும் கடற்காற்று என்பன புகைப்பவரின் வாதங்கள். அதே கட்டணத்தைச் செலுத்திய அடுத்த அறையினர் தம் உப்பரிகைக் கதவைத் திறக்க இயலாமற் போவது எதிர்வாதம். 2006 மார்ச் 23 அன்று ஜமைக்காவை அணுகிக்கொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' என்னும் கப்பலின் உப்பரிகை ஒன்றில் பற்றிய தீ பல அறைகளை அழித்தது. பயணி ஒருவர் இறந்தார். அணைக்காது எறியப்பட்ட சிகரெட் துண்டே காரணமாகலாம் என விசாரணை கருதியது. பின்னர் பிரின்சஸ் நிறுவனம் 2012இலும், ராயல் கரீபியன், கார்னிவல் ஆகியவை 2014இலும் உப்பரிகையில் புகைபிடிப்பதைத் தடை செய்தன.

இத்தகைய தடைக்குத் தீயச்சம் துணைநிற்கக்கூடும் என்பது கவனத்திற்குரியது. தீ எல்லார்க்கும் பொதுவான இடர். அதனைக் காட்டித் தடை விதிப்பது எளிது. அடுத்த அறையில் இருமும் ஒருவரைக் காட்டி அதே தடையை விதிப்பது அத்துணை எளிதாக இருந்ததில்லை. தீ இல்லை, புகை மட்டுமே உண்டு எனின் என் செய்வது? இவ்வினாவைக் கடலிலிருந்து இறக்கி, தமிழர் மூன்று நான்கு தலைமுறைகளாக நெருங்கி வாழ்ந்த ஒரு நிலத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். அந்நிலம் கோலார் தங்க வயல்.

1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் சுரங்கப் பணியில் இறங்கிய பின் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் அங்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மாரிக்குப்பம், சாம்பியன் ரீப்ஸ், உரிகம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்களைச் சுற்றி அவர்களுக்கென எழுந்தவையே 'லைன்' என வழங்கும் வரிசைக் குடியிருப்புகள். ஒரு சிறு அறை, ஒரு வாசல், இரு பக்கமும் அடுத்த வீட்டோடு பொதுவான சுவர். தொடக்கக் காலத்தில் அச்சுவரும் மூங்கில் தட்டியே. தண்ணீர்க் குழாய் பொது, கழிப்பிடம் பொது. இத்தகைய குடியிருப்பில் வாசற்படி என்பது கப்பலின் உப்பரிகையைப் போன்றதே. உள்ளிருப்பவர் தமது எனக் கருதும் கடைசி இடம் அது. அதே வேளையில் அண்டை வீட்டின் காற்று தொடங்கும் இடமும் அதுவே. சுரங்க முறை முடித்து வந்தவர் அங்கு அமர்ந்து பற்றவைக்கும் பீடியின் புகை, தட்டியின் இடுக்கு வழியே அடுத்த வீட்டுக் குழந்தையின் பாயைச் சென்றடைய ஒருவர் இசைவும் தேவையில்லை.

தமிழ் மரபில் திண்ணைக்கு ஒரு தனி நிலை உண்டு. அது வீட்டுக்காரருக்கு உரியது. ஆயினும் வழிப்போக்கர் அமரலாம். உடைமையும் பொதுமையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடம் எனலாம். சட்டத்திற்கு இத்தகைய இடைவெளிகள் பிடிப்பதில்லை. 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் 'பொது இடம்' என்பதனை வரையறுக்கையில் மருத்துவமனை, உணவகம், அலுவலகம், நீதிமன்றம், கல்விக்கூடம், பொது ஊர்தி முதலியவற்றை எண்ணிச் சொல்லித் திறந்த வெளியை விலக்கியது. 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் தண்டத்தொகை 200 ரூபாய் வரை என வகுக்கப்பட்டது. தனியார் வீட்டின் வாசற்படி இவ்வரையறையின் வெளியே நிற்கிறது.

இதற்கு முன்னரே வேறொரு வழியிற் சிந்தித்தது கேரள உயர்நீதிமன்றம். பேருந்துப் பயணத்தில் பிறர் புகையால் துன்புற்ற கல்லூரி ஆசிரியை ஒருவரின் முறையீட்டைக் கேட்டு, 1999 ஜூலை 12 அன்று, பொது இடத்தில் புகைபிடிப்பது பொதுத்தொல்லை என அது தீர்ப்பளித்தது. அவ்வமர்வில் இருந்தவர்களுள் ஒருவர் தமிழகத்தைச் சேர்ந்த நீதியரசர் ஏ.ஆர். இலட்சுமணன். அன்று நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 278ஆம் பிரிவு இடத்தின் உரிமையாளர் யார் என்று கேட்பதில்லை. காற்றைக் கெடுத்ததால் அக்கம்பக்கத்தில் குடியிருப்போர்க்கோ வழிச்செல்வோர்க்கோ கேடு விளைகிறதா என்றே கேட்கிறது. உடைமையைத் தொடக்கமாகக் கொள்ளாமல் மூச்சைத் தொடக்கமாகக் கொள்ளும் பார்வை அது. 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம் முரளி தேவ்ரா வழக்கில் உயிர் வாழும் உரிமையோடு இச்சிக்கலை இணைத்ததும் அதே திசையில்தான். ஆயினும் இவ்விரு தீர்ப்புகளும் பேசியவை பேருந்தும் அலுவலகமும் போன்ற இடங்கள். தட்டிக்கு அப்பால் இருப்பவர் இன்னமும் அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தையே நம்ப வேண்டியவர்.

அந்நல்லெண்ணம் எதன்மேல் எழ வேண்டும் என்பதே அறவியலின் பொருள். திருக்குறளின் 'இன்னா செய்யாமை' அதிகாரம் இவ்விடத்து நுட்பமான வேறுபாடு ஒன்றனைத் தருகிறது. அவ்வதிகாரத்தின் 316ஆம் குறள், தனக்குத் துன்பம் என ஒருவர் உணர்ந்தவற்றைப் பிறரிடத்துச் செய்யாதிருக்கச் சொல்கிறது. இங்குச் செய்பவரின் உணர்வே அளவுகோல். புகைபிடிப்பவரை இவ்வளவுகோல் தொடுவதில்லை. புகை அவருக்குத் துன்பமாகத் தோன்றுவதே இல்லை. பழக்கம் உணர்வை மழுங்கச் செய்துவிடுகிறது. அதற்கு முந்தைய 315ஆம் குறளோ பிறிதோர் உயிரின் நோயைத் தன் நோய்போற் போற்றாவிடத்து அறிவினால் ஆவது என்ன என்று வினவுகிறது. இங்குத் தொடக்கம் அடுத்தவரின் நோய். செய்பவரின் சுவை அன்று. இவ்விரண்டையும் ஒரே கருத்தின் இரு வடிவங்களாகக் கொள்வதே வழக்கம். புகை போன்ற ஒன்றைப் பற்றிப் பேசுகையில் இவை இரு வேறு முடிவுகளுக்கு இட்டுச் செல்லும். முன்னது தன்னளவில் 'எனக்கு ஒன்றும் செய்யவில்லையே' என்னும் விடைக்கு இடங்கொடுக்கிறது. பின்னது அவ்விடையை ஏற்பதில்லை.

தமிழ் இலக்கியம் புகையிலையைக் கடிந்தே வந்துள்ளது என எண்ணுதற்கில்லை என்பதையும் ஈண்டுக் குறிக்கலாம். சீனிச்சர்க்கரைப் புலவரின் புகையிலை விடு தூது பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக விடுக்கிறது. அந்நூல் நகைச்சுவையோடு புகையிலைக்குத் தெய்வத் தொடர்பும் கற்பிக்கும். அங்கு அடுத்தவர் என ஒருவர் இல்லை; சுவைப்பவரும் சுவையும் மட்டுமே உளர்.

கோலார் தங்க வயலில் அடுத்தவர் யார் என்னும் வினாவிற்கு வரலாறு கடுமையான விடை தருகிறது. தங்கம் படிந்திருந்த பாறை படிகக்கல்; துளையிடுகையில் எழும் அதன் தூசு நுரையீரலில் தங்கிச் சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். 1940 முதல் 1946 வரை அங்கு ஏழாயிரத்திற்கும் மேற்பட்ட தொழிலாளரிடம் நடந்த ஆய்வில் பத்தில் நால்வர்க்கு மேல் அந்நோய் காணப்பட்டது. தட்டிக்கு அப்பால் படுத்திருப்பவர் பெரும்பாலும் இயல்பான நுரையீரல் உடையவர் அல்லர் என்பதே இதன் பொருள். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்குப் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்தது. அவ்வாழத்தில் மேலிருந்து அனுப்பப்படும் காற்றை அனைவரும் பகிர்ந்தே மூச்சுவிட்டனர். ஒருவர் விட்ட காற்று அடுத்தவர் உள்ளிழுக்கும் காற்று. பகலில் இவ்வாறு காற்றைப் பகிர்ந்தவர்களே இரவில் வாசற்படியில் 'இது என் இடம்' என்று சொல்ல நேர்வதில் ஒரு முரண் உண்டு.

இவ்விடத்து வழக்கமாக எழும் மறுப்பு ஒன்றுண்டு. சுரங்கத் தூசியிலேயே வாழ்நாளைக் கழிப்பவரிடம் ஒரு பீடியின் புகையைப் பற்றிப் பேசுவது அற்பம். ஏற்கெனவே கெட்ட காற்றில் இன்னும் சிறிது கெடுவதால் என்ன என்பர். மேலோட்டமாக இரக்கம் போலத் தோன்றும் இவ்வாதம் உண்மையில் கொடியது. நலிந்த நுரையீரலுக்குச் சிறு புகையும் பெருஞ்சுமை. ஏற்கெனவே துன்புற்றவரிடம் மேலும் துன்பம் செய்வதற்குத் தனி உரிமை எவர்க்கும் பிறப்பதில்லை. தீங்கின் அளவைப் புகையின் அளவைக் கொண்டு கணக்கிடாமல் உள்ளிழுப்பவரின் வலிமையைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

ஆயினும் மறுப்பில் ஓர் உண்மை உண்டு. அதனைப் பிரித்தெடுக்க வேண்டியது அறவியலாளர் கடன். லைன் வீடுகளுக்குள் மூவகைப் புகையும் தூசியும் புகுந்தன. ஒன்று விறகடுப்பின் புகை. அதுவும் அண்டை வீட்டிற்குச் செல்லும், கண்ணைக் கரிக்கும். ஆனால் சோறு ஆக்காமல் வாழ்தல் இயலாது. அப்புகை தேவையிற் பிறந்தது. இன்னொன்று பீடியின் புகை. அது சுவையிற் பிறந்தது. மூன்றாவது, தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட மண்ணின் தூசு. அது ஆதாயத்திற் பிறந்தது. பாறையை மாவாக அரைத்துச் சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரிக்கும் முறை 1887இல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அம்முறை எஞ்சவிட்ட நுண்மணல் கோலார் தங்க வயலில் மூன்று கோடி டன்னுக்கு மேல் குவிந்து, 'சயனைடு மேடு' என ஊரார் சுட்டும் குன்றுகளாயிற்று. காற்று வலுக்கும் மாதங்களில் அத்தூசு குடியிருப்புகளின்மேல் படிகிறது, சோற்றிலும் படிகிறது.

மூன்றும் ஒரே நுரையீரலைச் சென்றடைந்தாலும் மூன்றன் அறநிலையும் ஒன்றன்று. தேவையின் புகையைப் பொறுத்துக்கொள்வது அயலாரின் கடமை. புகைபோக்கி அமைத்துத் தருவது வீடு கட்டியவர் கடமை. சுவையின் புகைக்கு அயலார் கடன்பட்டவர் அல்லர். அதனைத் தவிர்ப்பதற்குப் புகைப்பவர் இழப்பதும் மிகுதியன்று. எழுந்து ஐம்பது அடி நடந்தால் போதும். கப்பலிலும் இதுவே நிகழ்ந்தது: புகைப்பவர்க்கென மேல்தளத்தில் ஒரு மூலை ஒதுக்கப்பட்டது, இன்பம் முழுமையாகப் பறிக்கப்படவில்லை. ஆதாயத்தின் தூசுக்கோ இத்தகைய எளிய மாற்றிடம் கிடையாது. மேட்டை எழுந்து நடந்து போகச் சொல்ல முடியாது. மூடுதல், மரம் நடுதல், அகற்றுதல் எனச் செலவுமிக்க வழிகளே உள்ளன. அச்செலவு ஆதாயம் பெற்றவரைச் சார்ந்தது.

பெரிய தீங்கைச் சுட்டிச் சிறிய தீங்கை மன்னிப்பதும், சிறிய தீங்கைத் தண்டித்துவிட்டுப் பெரியதைக் காணாது விடுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். முன்னதைத் தொழிலாளி செய்யக்கூடும். பின்னதை அரசும் நிறுவனமும் செய்து வந்துள்ளன. பேருந்தில் பீடி பற்றவைத்தவர்க்கு 200 ரூபாய் என எழுத முடிந்த சட்டத்தின் மொழி, மூன்று கோடி டன் தூசிற்கு எதனை எழுதுவது என அறியாது நிற்கிறது.

தடையை யார் விதிக்கிறார் என்பதும் இதனோடு சேர்த்துக் காண வேண்டியது. கோலார் தங்க வயல் தொழிலாளர்க்கு விதிகள் புதியன அல்ல. 1930இல் கட்டாயக் கைரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் நடத்திய வேலைநிறுத்தம், தம் உடலின்மேல் தம்மைக் கேளாது இடப்படும் எந்த ஒழுங்கையும் அவர்கள் எவ்வாறு நோக்கினர் என்பதற்குச் சான்று. 'வாசலில் புகைபிடிக்காதே' என்னும் அதே சொற்றொடர் நிறுவன அதிகாரியின் வாயிலிருந்து வருங்கால் ஆணை. தட்டிக்கு அப்பாலிருந்து, 'அண்ணே, பிள்ளைக்கு இருமல் நிற்கவில்லை' என வருங்கால் அது வேண்டுகோள். முன்னதை மீறுதல் தன்மானமாகத் தோன்றலாம். பின்னதை மீறுதற்கு அவ்வாறு ஒரு காரணம் கற்பிக்க முடியாது.

அண்டை வீட்டார் வேண்டுகோளுக்கு இசையும் மனநிலை அவ்வூரில் எங்கிருந்து வந்திருக்கலாம்? அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் வேர்விட்ட இடங்களுள் கோலார் தங்க வயல் முதன்மையானது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்சிலும் சாக்கிய பௌத்த சங்கக் கிளைகள் இயங்கின. சித்தார்த்தா அச்சகம் அவர் எழுத்துகளை நூலாக்கியது. அவர் 1907இல் தொடங்கிய இதழ் அவர் மறைவுக்குப் பின் 1926இல் ஜி. அப்பாதுரையாரால் அங்கிருந்தே 'தமிழன்' என மீண்டும் வெளிவந்தது. பஞ்சசீலத்தின் ஐந்தாவது ஒழுக்கம் மயக்கம் தருவனவற்றை விலக்கச் சொல்வது. புகையிலை அதனுள் அடங்குமா என்பது வாதத்திற்குரியது. புகைபற்றிய வினாவிற்கு ஐந்தாவதைவிட முதலாவது சீலமே நெருக்கமானது எனலாம்: உயிர்க்குத் தீங்கு செய்யாமை. குடித்தல் முதற்கண் குடிப்பவரைக் கெடுக்கிறது; புகைத்தலில் கெடுபவர் பட்டியல் தொடக்கத்திலேயே இரண்டாகிறது. மணிமேகலையை ஒழுக்க நூலாகக் கற்பிப்போர் இவ்வேறுபாட்டைச் சிறிது விரித்துரைத்தல் நலம்.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. கீழே செல்லும் தூசு நின்றது. மேலே உள்ள தூசு நிற்கவில்லை. பலர் ஒவ்வொரு நாளும் தொடர்வண்டியில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பினர். பெட்டியில் புகைபிடித்தால் தண்டம் என்னும் அறிவிப்பின்கீழ் அமர்ந்து பயணம் செய்து, வீட்டு வாசலில் மேட்டுத் தூசியைப் பெருக்கினர். 2024 ஜூனில் 13 மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுப்பதற்கான ஒன்றிய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. மேடுகளைக் கிளறும் பணி தொடங்குமாயின், பல்லாண்டுகளாக இறுகிக் கிடந்த மண் மீண்டும் காற்றில் எழும். நனைத்து எடுப்பதா, உலர்ந்த நிலையில் எடுப்பதா. காற்று வீசும் மாதங்களில் நிறுத்தி வைப்பதா. காற்றின் போக்கில் உள்ள லைன்களில் வாழ்வோரிடம் முன்கூட்டிக் கேட்பதா என்பன பொறியியல் முடிவுகள் மட்டும் அல்ல. வாசற்படியில் அமர்ந்தவரிடம் அடுத்த வீட்டுக்காரர் கேட்கும் அதே கேள்வியை, இம்முறை லைன்களில் உள்ளோர் அனைவரும் சேர்ந்து ஒப்பந்தக்காரரிடமும் அரசிடமும் கேட்க வேண்டியிருக்கும்.