அனுப்பு அந்தக் கெட்ட மெசேஜை!

ஐபிஎம் ஆப் கனெக்ட் டூல்கிட்டைத் திறந்து வைத்துச் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கையே! எம்க்யூ இன்புட், கம்ப்யூட், எம்க்யூ அவுட்புட் என்று மூன்று நோடை இழுத்துப் போட்டு இணைத்தாய். ஒரு எக்ஸ்எம்எல் அனுப்பினாய். அடுத்த க்யூவில் விழுந்தது. "இவ்வளவுதானா? இதில் என் திறமை எங்கே?" என்கிறாய். பக்கத்தில் ஜாவா எழுதுபவரைப் பார்த்து ஏங்குகிறாய். நிமிர்ந்து உட்கார்!

வங்கியின் பழைய கோபோல் நிரலையும் புதிய கைப்பேசிச் செயலியையும் பேசவைப்பது இப்படிப்பட்ட ஃப்ளோதான். மெசேஜ் புரோக்கர், இன்டக்ரேஷன் பஸ், 2018-இல் ஆப் கனெக்ட் எண்டர்பிரைஸ் என்று இந்த மென்பொருளின் பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. நோடும் டெர்மினலும் அப்படியே நிற்கின்றன. நீ கற்றது வீணாகாது.

ஆனால், நல்ல மெசேஜ் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. கெட்டதை அனுப்பு! தொகை இருக்கும் இடத்தில் எழுத்தை வை. மூடும் டேகை வெட்டு. எம்க்யூ இன்புட்டின் ஃபெயிலியர், கேட்ச் இரண்டு டெர்மினலையும் வெறுமனே விட்டால் என்ன ஆகிறது, பார். எல்லாம் ரோல்பேக் ஆகி மெசேஜ் அதே க்யூவுக்குத் திரும்பும். ஃப்ளோ மறுபடி எடுக்கும், மறுபடி விழும். பேக்அவுட் க்யூவும் இல்லை, டெட் லெட்டர் க்யூவும் இல்லையென்றால், பின்னால் நிற்கும் நல்ல மெசேஜ்களெல்லாம் அந்த ஒன்றால் முடங்கிக் கிடக்கும். அதில் ஒன்று யாரோ ஒருவரின் மாதச் சம்பளம்! இந்த முடக்கத்தை உன் கணினியிலேயே வரவழைத்துப் பார்த்துவிடு. பிறகு நள்ளிரவில் வரும் புரொடக்ஷன் அழைப்பு உன்னை நடுங்கவைக்காது.

பிழை விவரம் தாங்கிய எக்ஸெப்ஷன்லிஸ்டைக் கண்டதும் சீனியரைத் தேடி ஓடாதே. மேல் அடுக்கு பெரும்பாலும் எந்த நோடில் விழுந்தது என்பதோடு நின்றுவிடும். உள்ளே இறங்கு, இன்னும் இறங்கு. கடைசி அடுக்கில் உட்கார்ந்திருக்கும் உண்மைக் காரணம்: எந்த மதிப்பு, இஎஸ்க்யூஎல்-இல் எந்த வரி. ஒருமுறை அதுவரை இறங்கியவருக்குப் பிழைச்செய்தி எதிரி அல்ல, சாட்சி.

வசதி இல்லை என்று சொல்லாதே. கற்றுப் பார்க்க இலவசப் பதிப்பு இருக்கிறது. 2015-இல் வந்த 10-ஆம் பதிப்பு முதல் ஃப்ளோ எக்ஸர்சைசர் டூல்கிட்டுக்குள்ளேயே இருக்கிறது. மெசேஜ் போன பாதையைப் படத்திலேயே காட்டும், ஒவ்வொரு நோடையும் தாண்டியபோது அது எப்படி இருந்தது என்பதையும் காட்டும்.

இன்று கிளம்புவதற்கு முன் கேட்ச் டெர்மினலிலிருந்து ஒரு பிழை க்யூவுக்கு இணைப்பு இழு. அந்தக் கெட்ட மெசேஜை மறுபடி அனுப்பு. அது அங்கே போய் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு BAR ஃபைலைக் கட்டு!