நோன்பா, மருந்தா?

பிறர் நம்மேல் சுமத்தும் பட்டினியை நோன்பென்று அழைக்கலாகுமா? பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் படுக்கையருகே இவ்வினா நம் முன் வந்து நின்றது.

அவனுக்குக் குரோன் நோய். குடலில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கி, பிள்ளைகளின் வளர்ச்சியையே குன்றச் செய்யும் நோய் அது. 1932-இல் நியூயார்க் மருத்துவர் பரில் குரோனும் உடன் உழைத்த இருவரும் விவரித்து எழுதியதால் அப்பெயர் பெற்றது. நம் நாட்டில் இதைக் குடல் காசநோயினின்று பிரித்தறிவது கடினம். அவனுக்கும் அதிலேயே மாதங்கள் கழிந்தன.

மருத்துவர் விதித்த முறை நமக்கு விந்தையாகத் தோன்றியது. ஆறு முதல் எட்டு வாரம் வரை சோறில்லை, இட்லியில்லை, பழமுமில்லை. புரதம், கொழுப்பு, மாவுச்சத்து, உயிர்ச்சத்துகள் அனைத்தும் அளந்து சேர்த்த சத்துப்பானம் மட்டுமே உணவு. குடிக்க இயலாத பிள்ளைக்கு மூக்கு வழியே குழாய். ஸ்டீராய்டு மருந்து வளர்ச்சியைத் தடுக்கும். இதுவோ குடற்புண்ணை ஆற்றி எடையையும் கூட்டும். எனவே ஐரோப்பிய மருத்துவக் கழகங்களின் 2014, 2020-ஆம் ஆண்டு நெறிமுறைகள் பிள்ளைகளின் குரோன் நோய்க்கு இதனை முன்னிறுத்துகின்றன.

நாமோ, பழகிய நாவால், "இதை உன் தவக்காலமாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடு" என்று சொல்லிவிட்டோம். அவன் நம்மைப் பார்த்துக் கேட்டான்: "சாமி, நீங்க நெனச்சா நோன்ப விட்டுடலாம். நான் விட முடியுமா?"

குருமடத்தில் கற்ற இறையியல் அவ்வேளையில் உதவவில்லை. பின்னரே நினைவுக்கு வந்தது. வளரும் பிள்ளைகளுக்கு உணவு மிகுதியாக வேண்டும் என்பதாலேயே புனித தோமா அக்குவினாஸ் அவர்களுக்கு நோன்பினின்று விலக்களிக்கிறார். திருச்சபைச் சட்டமும் பதினெட்டு வயது நிறைந்தோரையே நோன்பிருக்கக் கட்டாயப்படுத்துகிறது. யாயிரின் பன்னிரண்டு வயது மகளை உயிர்ப்பித்த இயேசு, அடுத்து அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படியே பணித்தார். அச்சிறுவனின் பட்டினிக்குப் புண்ணியப் பெயர் சூட்டியது அவனுக்காகவா, அல்லது வாயடைத்து நின்ற நம் சங்கடத்தை மறைக்கவா? இரண்டாவதே உண்மை என அஞ்சுகிறோம்.

அவன் தாய் வேறொரு சங்கடத்தில் இருந்தார். மீன் குழம்பைக் கதவடைத்துச் சமைத்தார். தங்கைக்குப் பின்கட்டில் சோறிட்டார். மணத்தைக் கதவா தடுக்கும்? மூன்றாம் வாரம் அவனே தன் குவளையோடு வந்து அப்பாவின் அருகே பந்தியில் அமர்ந்தான். உணவைப் பறித்ததைவிடப் பந்தியினின்று ஒதுக்கியதே அவனை மிகுதியாக வாட்டியதென அதன்பின்னரே வீட்டார் உணர்ந்தனர்.

மருத்துவர்களும் இதனைக் கருதாமலில்லை. 2019-இல் இஸ்ரயேலைச் சேர்ந்த அரி லெவின் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கோழி, முட்டை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் போன்ற சில உணவுகளோடு சத்துப்பானத்தையும் கொடுத்தபோது நோய் தணிந்தது. பிள்ளைகளும் அம்முறையை எளிதில் ஏற்றனர்.

அடுத்தமுறை சென்றபோது, சொன்னதை மீட்டுக்கொள்வதாகச் சிறுவனிடம் கூறினோம். அவன் சிரித்தபடி ஒரு குவளையை நீட்டினான். வெனிலா மணம். பாதிக்குமேல் நமக்கு இறங்கவில்லை.