கலத்தலும் கரைதலும்

இருவர் ஒருவராவதே இல்லறத்தின் சிறப்பு என்று திருமண மேடைதோறும் வாழ்த்துகிறோம். ஆனால், அந்த ஒருவர் யார் என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. அவ்வினாவை எண்ணிப் பார்க்க ஆழ்கடல் மீன் ஒன்று நமக்குத் துணை செய்கிறது.

அதனைத் தூண்டில் மீன் என்பர். கதிரொளி எட்டாத ஆழத்தில் அது வாழ்கிறது. பெண்மீனின் தலையினின்று ஒரு கோல் நீண்டிருக்கும். அதன் நுனியில் ஒளிரும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும். ஒளியை நாடி வருபவை இரையாகும். இம்மீன் நம் கடலுக்கும் புதிதன்று. 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் ஆய்வுக் கப்பலுக்கு வங்கக் கடலில் கிடைத்த ஒன்றை, ஆல்காக் என்னும் அறிஞர் 1890-இல் விவரித்து எழுதினார்.

1922-இல் ஐஸ்லாந்து அறிஞர் சேமுண்ட்சன், ஒரு பெண்மீனின் உடலில் இரு சிறுமீன்கள் ஒட்டியிருக்கக் கண்டு, அவற்றைக் குஞ்சுகள் எனக் கருதினார். அத்தகைய சிறுமீன் ஒன்றை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் ரீகன், அது குஞ்சன்று, ஆண்மீனே என்று 1925-இல் நிறுவினார். சில இனங்களில் ஆண்மீன் பெண்ணைக் கண்டதும் கடித்துப் பற்றிக்கொள்ளும். பின்னர் இரண்டின் தோலும் குருதிக் குழாய்களும் இணைந்துவிடும். ஆணின் கண்கள் சுருங்கும். பெண்ணின் குருதியே அதற்கு உணவு. இனப்பெருக்கத்திற்கு வேண்டிய உறுப்பே அதனிடம் வளர்ந்து நிற்கும்.

இதனைத் தியாகம் எனப் போற்றலாமா? மறுக்க இயலாத உயிருக்குத் தியாகம் என்பதும் இல்லை. ஆயினும், இக்கதையில் ஆண் மட்டுமே இழந்தது என்று எண்ணுவது பிழையாகும். அயலுடலின் உறுப்பை ஏற்காமல் எதிர்ப்பது உடலின் இயல்பு. நிலையாக இணையும் தூண்டில் மீனினங்கள் அவ்வெதிர்ப்புக்குரிய முதன்மையான மரபணுக்கள் சிலவற்றை இழந்துவிட்டன என்று 2020-இல் ஜெர்மானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வந்தது தன் கண்களை இழந்தது. ஏற்றதோ தன் கவசத்தையே இழந்தது!

நம் இல்லங்களில் நிகழ்வது என்ன? கோபாலபுரத்தைச் சூழ்ந்த எல்லையூர்களில் மலையாளம் பேசி வளர்ந்த பெண் தமிழ் வீட்டிற்கு மருமகளாய் வருவதுண்டு. ஆறே மாதத்தில் தமிழ் பேசுகிறாள் என்று மெச்சுகிறோம். அவள் தாயிடம் அவர்தம் மொழியில் நலம் கேட்க நாம் எத்தனை சொற்களைக் கற்றோம்? நம் மகள் அவ்வாறு வேற்று வீடு புகுந்து தன் தாய்மொழியை மறந்து நின்றால் நாம் பொறுப்போமா? இம்மண்ணில் பள்ளியிலும் அலுவலகத்திலும் நம் மொழிக்கு இடம் வேண்டும் என்று கேட்கும் நாம், நம் வீட்டுக்குள் பிறர் மொழிக்கு இடம் மறுப்பது எவ்வகை நீதி?

மீனின் வாழ்வு மனிதர்க்கு அறநூல் ஆகாது. அம்மீன் இசைவு கேட்டு இணையவில்லை. நமக்கோ கேட்கும் வாயும் மறுக்கும் உரிமையும் உண்டு. திருச்செங்கோட்டில் உறையும் மாதொருபாகர் ஓருருவே. ஆயினும், ஆண்பாதியும் பெண்பாதியும் அவ்வுருவில் தனித்தனியே விளங்குகின்றன. ஒருவர் மற்றவருள் மறைந்துபோவது கரைதல். இருவரும் விளங்க ஒன்றாய் நிற்பதே கலத்தல். மணமக்களை இனி வாழ்த்தும்போது, இருவரும் இருவராகவே இருந்து ஒன்றுபடுக என்று வாழ்த்துவோமாக.