தோற்கச் சம்மதமா?

மழை இறங்கியதும் மும்பையின் மைதானங்கள் சேறாகிவிடும். பையன்கள் சேற்றிலும் ஆடுவார்கள். பெரியவர்களின் ஆட்டம் டீக்கடைக்கு இடம் மாறும். தாராவியின் 90 அடிச் சாலை, மாட்டுங்கா ஸ்டேஷன் வாசல், செம்பூர்க் குடியிருப்புகளின் மாடிப்படி என்று எங்கும் ஜூன், ஜூலை மாதங்களில் தமிழும் இந்தியும் கலந்து ஓடுவது ஒரே வாதம்தான்: யார் வருகிறார், யார் போகிறார். அகாடமியில் வளர்ந்த 17 வயதுப் பையனை லோனில் அனுப்பலாமா, அவனை விற்ற காசில் தயாரான ஸ்ட்ரைக்கர் ஒருவரை வாங்கலாமா என்று லண்டன் கிளப்பின் கணக்கை இங்கே போடுவார்கள். அது சலித்தால் இந்தியக் கிளப்புகளான மும்பை சிட்டி, மோகன் பகான். இதற்குள் ஓர் அறக்கேள்வி இருக்கிறது என்றால் சிரிப்பார்கள். பேச்சுதானே!

அந்தச் சமாதானத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டியவன் நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கும் ஆட்டத்துக்குக் கண்விழிக்கிறான். கிளப்பின் எந்த முடிவிலும் அவனுக்கு ஓட்டு இல்லை. அவனுடைய ஆர்வத்தை விற்றுத்தான் கிளப்பும் தொலைக்காட்சியும் சம்பாதிக்கின்றன. ஓர் இளம் விங்கர் இடது காலை நம்ப மாட்டேன் என்கிறான், பந்து போனதும் திரும்பி ஓடுவதில்லை என்று கவனித்துச் சொல்வதில் தவறு என்ன? அவனை ஆட்டக்காரனாக மதித்ததால் வருகிற பேச்சு அது. கடுமையாக இருந்தாலும் பாதகமில்லை.

பேச்சு ஆட்டத்தை விட்டுவிட்டு ஆளின் விலைக்கும் தலையெழுத்துக்கும் தாவும்போதுதான் சிக்கல். ஸ்பெயினின் போயன் கிர்கிச் 2007-ல் 17 வயதில் பார்சிலோனாவுக்காகக் களமிறங்கினார். அடுத்த மெஸ்ஸி என்று பெயர் சூட்டி முடித்துவிட்டார்கள். 2008 பிப்ரவரியில் பிரான்சுக்கு எதிரான ஆட்டத்துக்குத் தேசிய அணி அழைத்தது, அவர் ஆடவில்லை. வயிற்றுக் கோளாறு என்று வெளியே சொல்லப்பட்டது. அந்தக் கோடையில் யூரோ கோப்பைக்கும் போகவில்லை. நாட்டுக்காக ஆட மறுத்தவன் என்ற பேச்சு எழுந்தது. உண்மையில் அவருக்கு வந்தது பதற்ற நோய், தலைசுற்றல், நெஞ்சழுத்தம். பத்தாண்டுகள் கழித்து, 2018-ல், ஓர் ஆங்கில நாளிதழிடம் அவரே மனம்திறந்து சொன்னார். அந்தப் பத்தாண்டுகளிலும் ரசிகர்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்: எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை என்று.

இதில் மும்பை ரசிகனின் பங்கு எவ்வளவு? அவன் சொன்ன எதுவும் பார்சிலோனாவை எட்டியிருக்காது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். ஆனால் ஊர்வாய்க்கும் ஒரு கடிவாளம் இருந்தது. யாரைப் பற்றிப் பேசினோமோ அவன் மறுநாள் எதிரே வருவான், அவன் அம்மா குழாயடியில் நிற்பாள். ஆயிரம் மைல் தள்ளி இருப்பவனைப் பேசும்போது அந்தக் கூச்சம் கழன்றுவிடுகிறது. ஒருவன் பேச்சு காற்றோடு போகும் என்பது சரிதான். கோடிப்பேர் பேச்சு அப்படிப் போவதில்லை. அதைக் கேட்டுத்தான் கிளப்புகள் விலை வைக்கின்றன, பயிற்சியாளர்களை மாற்றுகின்றன.

இந்தியாவுக்குள் வந்தால் தூரம் குறைகிறது. பஞ்சாபைச் சேர்ந்த அன்வர் அலி 2017-ல் இங்கே நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடியவர். மும்பை சிட்டி அவரை ஒப்பந்தம் செய்தது. 2019-ல் மருத்துவப் பரிசோதனையில் பிறவியிலேயே வந்த இதயத்தசைக் கோளாறு தெரியவந்தது. 2020-ல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரை ஆட வேண்டாம் என்றது. களத்திலேயே உயிர் போய்விடலாம் என்று அஞ்சியவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆட்டத்தை விட்டால் பிழைப்புக்கு வேறு வழியில்லாத இளைஞனின் பக்கமும் இருந்தது. அவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பின்னர் டெல்லி எஃப்.சி., எஃப்.சி. கோவா என்று ஆடி, 2022 மார்ச்சில் இந்திய அணிக்கே வந்து சேர்ந்தார்.

2024 கோடையில் அதே அன்வர் மோகன் பகானிலிருந்து விலகி அதன் பரம எதிரியான ஈஸ்ட் பெங்காலுக்குப் போனபோது வதந்தி, மறுப்பு, வழக்கு எல்லாம் வரிசையாக வந்தன. கூட்டமைப்பின் குழு அவருக்கு 4 மாதத் தடை விதித்தது; அவரும் ஈஸ்ட் பெங்காலும் டெல்லி எஃப்.சி.யும் சேர்ந்து மோகன் பகானுக்கு 12.9 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நீதிமன்றத்தில் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஒப்பந்தத்தை முறிப்பது சின்ன விஷயமில்லை, அதை விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் ரசிகர்கள் வாயில் புழங்கிய சொல் துரோகி. பக்கத்து அணியின் ஆளை நம் கிளப் தூக்கிவந்தால் அது கெட்டிக்காரத்தனம். நம் ஆள் போனால் துரோகம். நான்காண்டுகளுக்கு முன் ஆடவே கூடாது என்று நிறுத்தப்பட்ட ஒருவன், கால் ஓடும்வரை சம்பாதித்துக்கொள்ள நினைப்பதை எந்த விசுவாசத்தின் பெயரால் கண்டிப்பது?

விலை பேசுவதைக் காட்டிலும் பெரிய குறை ஒன்று உண்டு. எல்லா ரசிகரும் இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடு என்கிறார்கள். கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அரோஸ் அணி காட்டியது. தேசியக் கூட்டமைப்பு பதின்வயதுப் பையன்களை மட்டும் சேர்த்து தேசியப் போட்டியான ஐ-லீகில் இறக்கிய அணி அது. வளர்ந்த ஆண்களோடு மோதி, பெரும்பாலும் பட்டியலின் அடியில் கிடந்தது. 2019-20 பருவத்தில் அதன் சொந்த மைதானம் மும்பையின் கூப்பரேஜ்; செம்பூரிலிருந்து ஒரு ரயில் தூரம். வருங்கால இந்திய அணி இங்கேயே ஆடியபோதும் நகரத்தின் கால்பந்துப் பேச்சில் அதற்குக் கிடைத்த இடம் கொஞ்சம். 2022-ல் அணியைக் கலைத்தார்கள். அதே அரோஸின் வழியாக வந்தவர்தான் அபுயா என்கிற லாலெங்மாவியா. மும்பை சிட்டியின் நடுக்களத்தைத் தாங்கி நின்ற அவர் 2024-ல் மோகன் பகானுக்குப் போனபோது நகரமே பேசியது. கூப்பரேஜில் தோற்ற பையன்களைப் பற்றிப் பேசாதவர்கள் விலை வந்த பிறகு பேசினார்கள்.

இளைஞனை வளர்ப்பது என்றால் சில ஆட்டங்களைத் தோற்கச் சம்மதிப்பது. வேறு வழி எந்த நாட்டிலும் இல்லை. அந்தத் தோல்வியின் செலவை யாராவது ஏற்க வேண்டும். ரசிகன் ஏற்க மறுத்தால் பயிற்சியாளர் பையனை பெஞ்சில் உட்கார வைப்பார், கிளப் 30 வயது வெளிநாட்டவரைத் தேடும். கடைசியில் முழுச் செலவும் அந்தப் பையன் தலையில் விழும். இரண்டு தோல்விக்குள் கொதிக்கிறவன் இளைஞர் வளர்ச்சியைப் பற்றிப் பேசுவதில் நேர்மை இல்லை.

மும்பைக்கு இது தெரியாததல்ல. ஒரு காலத்தில் இந்நகரத்தில் அந்தச் செலவை ஆலைகளும் அலுவலகங்களும் ஏற்றன. மஃபத்லால், டாட்டா, ஏர் இந்தியா, செம்பூர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆர்.சி.எஃப். வேலையும் சம்பளமும் இருந்ததால் ஒருவன் 25 வயதுவரை நிதானமாகத் தேறலாம். மகிந்திரா யுனைடெட் 2010-ல் மூடப்பட்டது. மும்பை எஃப்.சி. 2017-ல் போனது. அந்த மும்பை எஃப்.சி.யில் ஆடிய உள்ளூர்க்காரர் ராகுல் பேக்கே. யாரும் அவரை வண்டர்கிட் என்று அழைத்ததில்லை. இந்தியாவுக்காக முதலில் ஆடியபோது அவருக்கு 28 வயது. 2019 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதி ஆட்டம் அந்தேரியில் நடந்தது. கூடுதல் நேரம் முடியப்போகும் தறுவாயில் தலையால் முட்டிக் கோப்பையைப் பெங்களூருவுக்கு வாங்கிக்கொடுத்தவர் அவர்தான். 2024-ல் மும்பை சிட்டியின் கேப்டனாக மறுபடி ஒரு கோப்பை. 19 வயதில் அவரை வதந்திச் சந்தையில் நிறுத்தியிருந்தால் எவரும் விலை கேட்டிருக்க மாட்டார்கள். இன்று தாராவியில் 16 வயதில் இருக்கும் அவரைப் போன்றவன், டர்ஃபில் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்துக்கு மேல் வாடகை பிரித்துக் கட்டி ஆட வேண்டியிருக்கிறது.

ரசிகன் மேல் இவ்வளவு பாரம் ஏற்றுவது அநியாயம் என்று சொல்லலாம். ஏஜென்ட்டும் கிளப்பும் வதந்தியை விற்றுப் பிழைக்கும் செய்தியாளரும் இருக்க, டீக்கடையில் நிற்பவனையா பிடிப்பது? பாரம் சமமில்லை, உண்மை. ஏஜென்ட்டுகளுக்கு ஃபிஃபா வேலி போட்டிருக்கிறது. முதல் தொழில்முறை ஒப்பந்தத்துக்கான வயதை எட்ட 6 மாதம் இருக்கும்போதுதான் ஒரு சிறுவனை அணுகலாம், அதுவும் பெற்றோரோ காப்பாளரோ எழுத்தில் சம்மதித்தால். நாடு விட்டு நாடு மாற 18 வயது ஆக வேண்டும், சில விலக்குகள் தவிர. அப்படி விலை கொடுத்து வாங்கும்போது தொகையில் 5 சதவீதம், 12 வயதிலிருந்து 23 வயதுவரை அவனைப் பயிற்றிய கிளப்புகளுக்குப் போக வேண்டும். ஒரு பையனைப் பலர் வளர்த்தார்கள் என்பதை இந்த விதியாவது ஒப்புக்கொள்கிறது. டிரான்ஸ்ஃபர் பேச்சில் அந்த முதல் பயிற்சியாளர்கள் எங்கே வருகிறார்கள்? காரைக்குடிப் பக்கத்துச் சிவசக்தி நாராயணன் 2022-23-ல் ஐ.எஸ்.எல்.லின் சிறந்த வளரும் ஆட்டக்காரர் விருதை வாங்கியபோது பெங்களூரு எஃப்.சி.யின் பெயர் எல்லோர் வாயிலும் இருந்தது; அவரைச் சிறுவனாகத் தேற்றிய ராமன் விஜயனின் பயிற்சிப் பள்ளியைச் சொன்னவர்கள் குறைவு.

2025 கோடையில் வதந்திக்கே வேலையில்லாமல் போனது. உரிம ஒப்பந்தச் சிக்கலால் ஜூலையில் ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. சென்னையின் எஃப்.சி. நடவடிக்கைகளை நிறுத்தியது. யார் வருகிறார் என்று கேட்டுவந்தவர்கள் சம்பளம் வருமா, கிட் அடுக்குபவருக்கு யார் கொடுப்பார்கள், 18 வயதில் ஒரு பருவம் போனால் அந்தப் பையன் கதி என்ன என்று கேட்டார்கள். கேட்கத் தெரியாமல் இல்லை. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இளைஞர் அணிகளின் பயிற்சி மட்டும் தடையின்றி நடக்கும் என்று அதே அறிவிப்பில் இருந்தது.